இஞ்சினுக்குப் போட்ட மாலை

சங்கரன்கோவில்
18.11.2024

மக்கா செல்விக்கு, அப்பா எழுதுவது.

உன் நம்பருக்குப் போட்டால் ஒரு மணி அடித்துவிட்டு நின்றுபோகிறது. போன்தான் கோளாறு என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, போன்ல ஒரு கோளாறும் இல்ல. ஒங்களத்தான் பிளாக் பண்ணியிருக்காக" என்றான். ரிப்பேர் எதில் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் தபால் ஆபீசில் பத்து கவர் வாங்கினேன். பத்தாங்கிளாஸில் கணக்குக்குப் பதினேழு மார்க் வாங்கினவன்தான், ஆனால் தமிழுக்கு நாற்பத்தொன்று. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நல்லா இருக்கியா என்று கேட்கக் கூடாது. தெரியும். பேத்தி அனு சாப்பிடுகிறாளா? உன் மாமியார் மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கு?

மாப்பிள்ளை போய் இன்றோடு முப்பத்தேழு நாள். எனக்கு இங்கே ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கே புரியவில்லை. சோறு இறங்குகிறது. பதினாறாம் நாள் உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து நாலு வடை தின்றேன். மருமகனைப் பறிகொடுத்தவன் நாலு வடை தின்றான் என்று இளையரசனேந்தலில் யாராவது பேசியிருப்பார்கள். பேசட்டும். வடையில் உப்பு இருந்ததா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நேற்று ரசம் என்று நினைத்துப் புளித்தண்ணியைக் கொதிக்க வைத்து ஊற்றிச் சாப்பிட்டேன். பாதித் தட்டு காலியான பிறகுதான் அது ரசம் இல்லை என்று கண்டுபிடித்தேன். உங்கம்மா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

அரிசி மில்லைப் பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புகிறேன். சைக்கிளுக்குச் சீல் வைத்த சங்கதி தெரியாது. வாட்ச்மேன் சுடலைமணி, "என்ன வே, பூட்டு பத்திரமா இருக்கான்னு பாக்க வாரீரா?" என்கிறான். இருக்குதா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி திருநெல்வேலியில் மறுபடி விசாரணை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் முதலாளியும் நானும் நிற்கணும். முதலில் எழுதிக் கொடுத்ததையே திரும்பச் சொன்னால் போதும் என்று முதலாளி சொல்லுதார்.

நீ ஏன் என்னோடு பேசமாட்டேங்கே என்று விளங்கவில்லை. பதில் போடு.

அப்பா
மூக்காண்டி


இளையரசனேந்தல்
25.11.2024

அப்பாவுக்கு,

உங்களுக்கு விளங்காமல் இல்லை.

அக்டோபர் பதினைந்தாம் தேதி நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் எனக்கு வந்தது. செத்தவரின் மனைவி என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நாலாவது வரியில் இருந்து அப்படியே எழுதுகிறேன். "ஆயுத பூஜையன்று இஞ்சின் கவர்னரில் மாலை போட்டவர் என் மருமகனும் மில்லின் ஆயில்மேனுமான பேச்சிராஜா. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் அந்த மாலை சிக்கியதால் இஞ்சின் வேகம் எடுத்து விபத்து நடந்தது." கீழே உங்கள் கையெழுத்து.

அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "மிஷினுக்கு மாலை போட்டு, தனக்கும் மாலை வாங்கிக்கிட்டானாமே" என்றாள். என் காதில் விழணும் என்றுதான் சொன்னாள். நான் குடத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். கோபம் வரவில்லை. குடம் இடுப்பில் கனக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. வாசலில் வைத்த பிறகுதான் சேலையெல்லாம் நனைந்திருப்பதைப் பார்த்தேன்.

அவரைப் பெற்ற அத்தைக்கு ஒரு சந்தேகம். நாலு நாளாகக் கேட்கிறார்கள். "ஏட்டி, பூமாலை போட்டா எப்படிட்டி ஆளு சாவும்?" அந்த இஞ்சின் ரூமுக்குள் நான் வந்ததே இல்லை. அத்தைக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். வாசித்துக் காட்டுகிறேன்.

அதோடு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். மாலையைப் போட்டது யார்?

மாரிசெல்வி


சங்கரன்கோவில்
30.11.2024

மக்கா செல்விக்கு,

இதை மதினிக்கு வாசித்துக் காட்டு.

மதினி, ஊரில் எல்லா மில்லும் கரண்டு மோட்டாருக்கு மாறியாச்சு. நம்ம மில்லில் மட்டும் இன்னும் நீராவி இஞ்சின். நெல் அவிக்க எப்படியும் ஆவி வேணும், எரிக்க உமி கிடக்கு, அப்புறம் எதுக்கு மோட்டார் என்று முதலாளி அவர் தாத்தா வாங்கினதையே ஓட்டுகிறார். பாய்லரில் இருந்து ஆவி வந்து இஞ்சினைத் தள்ளும். இஞ்சினில் இருந்து ஒரு முழ அகலத்துக்கு ஒரு பெல்ட் போய் அரவை மிஷினை எல்லாம் சுற்றும். அரவை நடக்கும்போது இஞ்சினுக்குப் பாரம், ஆவி நிறைய வேணும். அரவையை நிறுத்தினால் பாரம் இல்லை. ஆனால் அதே ஆவி வந்து தள்ளினால் இஞ்சின் வெறிபிடித்த மாதிரி ஓடும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் நின்று ஆவியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் கவர்னர் என்று ஒன்று வைத்திருக்கிறான்.

நடுவில் ஒரு தண்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு கை தொங்கும். கை நுனியில் தேங்காய் அளவுக்கு இரும்புக் குண்டு. இஞ்சின் ஓடினால் தண்டும் சுற்றும். வேகம் கூடக் கூட குண்டு ரெண்டும் விரிந்து மேலே ஏறும். அனு புதுப் பாவாடை கட்டினால் கிறுகிறுவென்று சுற்றுவாளே, பாவாடை குடை மாதிரி எழும்புமே, அதே கதைதான். குண்டு மேலே ஏறினால் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி ஆவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டு இறங்கும், ஆவி கூடும். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். முப்பத்தொரு வருசமாக அது வேலை பார்த்தது, நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன்.

இந்தக் குண்டுகள்மேல்தான் மாலை கிடந்தது. சாமந்தி மாலை. வாழைநாரில் கட்டியிருந்தால் அறுந்து விழுந்திருக்கும். இப்போது எல்லாம் நைலான் நூல். சுற்றின சுற்றில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. நூல் மட்டும் முறுக்கேறி ரெண்டு குண்டையும் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டது. குண்டு மேலே ஏற முடியவில்லை. வேகம் கூடியும் ஆவி குறையவில்லை. அன்றைக்கு விஜயதசமி. நல்ல நேரத்தில் பத்து நிமிசம் சும்மா ஓட்டி நிறுத்துவதுதான் வழக்கம். அரவை மாட்டவில்லை, பாரமே கிடையாது. பெரிய பெல்ட் தாங்காமல் பிய்ந்து மாப்பிள்ளைமேல் அடித்தது. இவ்வளவுதான் மதினி.

செல்வி, மாலையைப் போட்டது யார் என்று கேட்டிருக்கிறாய். பூசை அவசரம். ஒருத்தன் சந்தனம் பூசுகிறான், ஒருத்தன் குங்குமம் வைக்கிறான், ஒருத்தன் பொரிகடலையை ஒரு கை பார்க்கிறான். யார் எதைச் செய்தார்கள் என்று யாருக்கு ஞாபகம்?

அப்பா


இளையரசனேந்தல்
06.12.2024

அப்பாவுக்கு,

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பார்த்தேன்.

ஆயுத பூஜையன்று பகல் பதினொன்றே முக்காலுக்கு அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டூல் மேல் ஏறி நிற்பது நீங்கள். குண்டுகளுக்கு மாலை மாட்டுவது உங்கள் கை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

போட்டோவுக்குக் கீழே அவர் பேசி அனுப்பியதும் இருக்கிறது. "ஏட்டி செல்வி, ஒங்கப்பா கவர்னரைக் கல்யாண மாப்பிள்ளையாக்கிட்டாரு பாரு. எல்லா வருசமும் பாய்லருக்குத்தான் மாலை, இந்த வருசம் மூளை எதுவோ அதுக்குத்தான் மொத மரியாதையாம். நாளைக்கு ஓட்டும்போது கழட்டிருவோம் மாமான்னா கேக்க மாட்டேங்காரு." பின்னால் உங்கள் குரல் கேட்கிறது. "பூசை மாலைய மிஷின் ஓடுறதுக்கு முந்திக் கழட்டுனா ஆகாதுல மக்கா. ஒரு ஓட்டம் ஓடட்டும்." அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கிறீர்கள்.

வேண்டாம் என்று சொன்னது அவர். கேட்காதது நீங்கள். வாக்குமூலத்தில் ரெண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இந்தப் போனை எடுத்துக்கொண்டு இருபதாம் தேதி நானே அந்த ஆபீசுக்கு வரலாம். அத்தையும் வரத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களே போய்ச் சொல்லுங்கள். அனுவுக்கு மூன்று வயசு. அவள் அப்பாவைப் பற்றி அவளுக்கு மிஞ்சப் போவது கொஞ்சம் போட்டோவும் அந்தக் காகிதமும்தான். அது சரியாக இருக்கணும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்தேன். அனுவின் பாவாடை வரைக்கும் கேட்டார்கள். அப்புறம் எழுந்து போய்விட்டார்கள்.

மாரிசெல்வி


சங்கரன்கோவில்
11.12.2024

செல்விக்கு,

போட்டோ வந்தது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறான். எனக்கு இத்தனை பல் மிச்சம் இருப்பதே இதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இப்படித்தான் எழுத வருகிறது. என்ன செய்ய?

நான்தான் போட்டேன். பாய்லருக்கு வாங்கின மாலை கொஞ்சம் நீளம். ஸ்டூலில் ஏறி, எல்லாரும் பார்க்கணும் என்று சத்தமாக அந்த மூளை வசனத்தையும் பேசிவிட்டு மாட்டினேன். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் எனக்குப் போதும், அது உனக்குத் தெரியும். அவன் கழட்டச் சொன்னது நிசம். மறுநாள் காலையிலும் ஒரு தடவை சொன்னான். ஓடாமல் கழட்டக் கூடாது என்று அப்பவும் சொன்னேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி என் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "மூக்காண்டி, செத்தவன யாரும் ஜெயில்ல போடப்போறதில்ல. ஆனா ஒம்ம சர்ட்டிபிகேட் போச்சுன்னா மில்லும் போச்சு. பாத்து எழுதும்" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. மூன்று நாள் கழித்துக் கை எழுதியது. இதுக்கும் அதுக்கும் நடுவில் நான் என்று ஒருத்தன் இருந்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை.

முதலாளிமேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். "நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறதே, அது முதலாளி சொல்லிக் கொடுத்தது இல்லை. அது நானாகச் சேர்த்தது.

பாய்லர் சர்ட்டிபிகேட் பரீட்சையில் மூன்று தடவை தோற்று நாலாவது தடவை தேறினவன் நான். பரீட்சைக்கு வந்தவர்களில் எனக்குத்தான் வயசு ஜாஸ்தி. ஹாலைப் பெருக்க வந்த அம்மா என்னை வாத்தியார் என்று நினைத்துக் கும்பிட்டாள். அந்தக் காகிதம் போனால் நான் யார் என்று தெரியவில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. சும்மா சொல்லுகிறேன்.

இருபதாம் தேதி போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா


இளையரசனேந்தல்
15.12.2024

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போய்ச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. போலீஸ் வரைந்த படத்தில் அவர் விழுந்து கிடந்த இடம் ஆவி வால்வுக்குப் பக்கத்தில் என்று குறித்திருக்கிறார்கள். அவர் ஆயில்மேன். இஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய்க் கேனோடு இஞ்சினுக்கு அந்தக் கடைசியில்தான் நிற்பேன், வால்வுப் பக்கம் மாமா நிற்பார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் ஏன் அங்கே இருந்தார்? நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

மாரிசெல்வி


சங்கரன்கோவில்
21.12.2024

செல்விக்கு,

நேற்று திருநெல்வேலி போனேன். முதலாளி காரில் கூப்பிட்டார். பஸ்ஸில் வாரேன் என்றேன். அப்போதே அவருக்குப் பொறி தட்டியிருக்கணும்.

இன்ஸ்பெக்டர் அம்மா உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருக்கும். பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் சேர்க்கவோ திருத்தவோ ஏதாவது உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையைப் போட்டது நான், கழட்டச் சொன்னது அவன், கேட்காதது நான் என்று வரிசையாகச் சொன்னேன். போட்டோவையும் கொடுத்தேன். அவள் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு ஏதாவது உண்டா என்றாள்.

நீ கேட்டிருந்தாயே. உண்டு என்றேன்.

உனக்கும் சொல்லுகிறேன். இஞ்சினைக் கிளப்பும்போது வால்வுப் பக்கம் நிற்க வேண்டியது ஓட்டுகிறவன். அது நான். நின்றேன். சத்தம் மாறும்போதே தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருசம் கேட்ட சத்தம், தெரியாமல் போகுமா? கையை நீட்டினால் வால்வுச் சக்கரம். கை நீளவில்லை. வாசலைப் பார்த்து ஓடினேன். அவன் கேனைப் போட்டுவிட்டு அந்தக் கடைசியில் இருந்து ஓடி வந்தான். அவனும் வாசலுக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். நடுவில் தோளும் தோளும் இடித்தது. "தள்ளும் மாமா" என்றான். தள்ளி வழி விட்டேன். வெளியே உமி மேட்டில் போய் விழுந்து திரும்பிப் பார்த்தபோது பெல்ட் பிய்ந்த சத்தம் கேட்டது.

மாலை விசயத்தைச் சொன்னால், அப்புறம் அவன் ஏன் வால்வுகிட்டப் போனான் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் நான் ஓடினது வெளியே வரும். அதுக்குத்தான் எல்லாவற்றையும் அவன் தலையிலேயே போட்டேன் என்று இப்போது தோணுகிறது. அன்றைக்கு இப்படி யோசித்தேனா என்று தெரியாது.

"நான் ஓடணும்னு ஓடல தாயி, காலுதான் ஓடிட்டு" என்றேன் அந்த அம்மாவிடம். அவள் பேனாவை நிறுத்திவிட்டு, "நான் ஓடினேன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். எழுதுங்க என்றேன். எழுதி, என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன். சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போலீஸ் கேஸ் தனியாக வரும் என்றாள். வரட்டும்.

உண்மையைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். நாக்கு வெந்து போயிருப்பது வீட்டுக்கு வந்து சோறு வாயில் வைக்கும்போதுதான் தெரிந்தது.

நீ மன்னிக்கணும் என்று எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பா


இளையரசனேந்தல்
09.02.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் டிசம்பரிலேயே வந்துவிட்டது. பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். திட்டி எழுதலாம் என்றால் வார்த்தை வரவில்லை. ஆறுதலாக எழுதவும் வரவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

உங்களைப் போலீஸ் ரெண்டு தடவை கூப்பிட்டு அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது ஏதாவது தோணும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோணவில்லை. உங்களை வீட்டுக்கு வாங்க என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராதீங்க என்றும் எழுதவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

முந்தாநாள் அறிக்கை வந்தது. பதினோரு பக்கம். கவர்னரைச் சுற்றி வலைக்கூண்டு இல்லாதது நிர்வாகத்தின் குறை என்று எழுதியிருக்கிறார்கள். மாலை போட்டவரும், இறந்தவர் சொல்லியும் அகற்ற மறுத்தவரும், வால்வை மூடாமல் இடத்தைவிட்டு ஓடியவரும் இஞ்சின் ஓட்டுநர் மூக்காண்டி என்று இருக்கிறது. "இறந்த பேச்சிராஜா, அது தன் பணி அல்லாதபோதும், வால்வை மூட முயன்றார்" என்று இருக்கிறது. கடைசிப் பக்கம் முழுக்க அளவுகள். பெல்ட்டின் நீளம், அகலம், அது எத்தனை அடி தூரத்தில் கிடந்தது என்றெல்லாம். அதில் ஒரு வரி. வால்வை முழுவதும் மூட எட்டுச் சுற்று சுற்ற வேண்டும். சம்பவத்துக்குப் பின் பார்த்தபோது ஆறு சுற்று மூடியிருந்தது.

அத்தைக்கு வாசித்தேன். முதல் பக்கத்தில் இருந்து எழுந்திருக்காமல் கேட்டார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

"எட்டுல ஆறா?" என்று கேட்டார்கள்.

"ஆமா அத்தை."

அப்புறம் ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, அங்கே இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றினார்கள். இன்னொரு சுற்று சுற்றினார்கள்.

"இவ்வளவுதானட்டி" என்றார்கள்.

மாரிசெல்வி